மீன் எண்ணவா படிக்க வைத்தோம்?



போர்ட்டிக்சன் பக்கம் சி ரூசாவிலிருந்து நம் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பம். தோட்டம் கைமாறியதும் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மகள் கடல் அறிவியல் படித்து முடித்தாள். பேங்க் வேலைக்கோ ஆசிரியர் வேலைக்கோ போவாள் என்று வீடே காத்திருக்க, அவள் ஒரு ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்து, கண்டல் காட்டுச் சேற்றில் இறங்கி மீன் அளந்துகொண்டிருக்கிறாளாம். கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "மீன் எண்ணவா பிள்ளையை டிகிரி படிக்க வைத்தீங்க?" அம்மாவுக்கு வாயடைத்துப் போயிற்று. "நீங்களாவது சொல்லுங்கள். இது என்ன வேலை? இதை நம்பிப் பிள்ளையை விடலாமா?" என்று எனக்கு எழுதிவிட்டார்.

அந்த உறவுக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நம்மில் பாதிப் பேர் மனசுக்குள் வைத்திருப்பதைத்தான் அவர் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். நம் வீடுகளில் படிப்பு என்றால் டாக்டர், வக்கீல், என்ஜினியர். அதற்கு வெளியே எந்த வேலையைச் சொன்னாலும் நாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதானே பார்க்கிறோம்? தோட்டத்து மழையிலும் வெயிலிலும் மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்கு, படித்த பிள்ளை மறுபடியும் சேற்றில் இறங்குகிறாள் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் சி ரூசாவில் இந்தக் கேள்வி எழுந்ததுதான் எனக்கு வியப்பு. புத்ரா மலேசியா பல்கலைக்கழகம், நாம் யூபிஎம் என்று சொல்வோமே, அது மீன் வளர்ப்புக்கும் நீர்வாழ் அறிவியலுக்கும் என்றே ஓர் ஆய்வுக் கழகத்தைத் தெலுக் கெமாங்கில்தான் வைத்திருக்கிறது. அதன் அஞ்சல் எண்ணும் சி ரூசா வீடுகளின் அஞ்சல் எண்ணும் ஒன்றே: 71050. பள்ளி விடுமுறைக்கு நாமெல்லாம் குடும்பத்தோடு போர்ட்டிக்சனுக்குப் போய், கடற்கரையில் பாய் விரித்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். கூப்பிடு தூரத்தில் இப்படி ஒரு இடம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நெகிரி செம்பிலானுக்குக் கடல் இருப்பதே போர்ட்டிக்சன் மாவட்டம் ஒன்றில்தான். ஹோட்டல், அடுக்குமாடி, பங்களா எல்லாம் போக மிச்சமிருக்கும் கண்டல் காடு சொற்பம். வடக்கே லுக்குட் ஆற்றுப் பக்கம் கொஞ்சம், தெற்கே பாசிர் பாஞ்சாங்கில் கொஞ்சம், மலாக்கா எல்லையில் லிங்கி ஆறு கடலில் விழும் இடத்தில் கொஞ்சம். நாட்டின் கண்டல் காட்டில் பாதிக்கும் மேல் சபாவில் இருக்கிறது. நெகிரி செம்பிலானின் பங்கை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் அங்கே என்ன நடக்கிறது என்று யாராவது விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

எப்படிப் பார்ப்பார்கள்?

நீர் முழுதாக ஏறியிருக்கும் நேரத்தில் கண்டல் காட்டு ஓடையின் வாயில் குறுக்கே வலை கட்டுவார்கள். மலாய் மீனவர்கள் காலங்காலமாகக் கட்டும் பெலாட் இதே முறைதான். வேர்களுக்கு நடுவே மேய வந்த மீன்கள், நீர் வடியும்போது கடலுக்குத் திரும்பப் பார்க்கும், வலை மறித்துவிடும். வடிந்து முடிய ஏறக்குறைய ஆறு மணி நேரம். அதுவரை கொசுவோடு காத்திருக்க வேண்டும். பிறகு முழங்கால் சேற்றில் நடந்து, அகப்பட்டதையெல்லாம் அள்ளி, இனம் பிரித்து, ஒவ்வொரு மீனையும் அளவுப் பலகையில் கிடத்தி நீளம் பார்த்து, எடை போட்டு எழுத வேண்டும். தண்ணீரில் உப்பு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, சூடு எவ்வளவு என்பதும் அதே தாளில் ஏறும்.

எழுதுவது பென்சிலில். பேனா மை நனைந்தால் ஓடிவிடும். பென்சில் எழுத்து ஐஸ் பெட்டிக்குள்ளும் மருந்து ஊற்றிய புட்டிக்குள்ளும் வருடக்கணக்கில் அழியாமல் நிற்கும். லட்சக்கணக்கான ரிங்கிட் கருவிகள் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குள்ளே போகும் புட்டியில், பாலர் பள்ளிப் பிள்ளை வைத்திருக்கும் அதே பென்சிலால் எழுதிய சீட்டு!

வலையில் விழுவது பெரும்பாலும் விரல் நீளக் குஞ்சுகள். மடவை, கெளுத்தி, கத்தாளை, சமயத்தில் ஒரு கொடுவா. கொடுவா என்றால் நாம் சியாக்காப் என்று சொல்லிக் கடையில் ஸ்டீம் பண்ணிச் சாப்பிடுகிறோமே, அதுதான். ஆணாகப் பிறந்து வளர்ந்து, பின்னாளில் பெண்ணாக மாறும் மீன் அது. கிளையில் உட்கார்ந்த பூச்சியை வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி வீழ்த்தும் சும்பிட் மீனும் இங்கேதான். செம்பிலாங் விழுந்தால் மட்டும் கை ஜாக்கிரதை. அதன் முள்ளில் விஷம். குத்திவிட்டால், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருப்பது முதல் வைத்தியம், அப்புறம் கிளினிக்.

கத்தாளையைப் பற்றி ஒரு வார்த்தை. கருவாட்டுக் கடையில் கெலாமா என்று கேட்டு வாங்குவோம். அதன் தலையைக் கழுவும்போது இரண்டு வெள்ளைக் கல் கையில் தட்டுப்படும். பல்லில் படாமல் இருக்க எடுத்து எறிந்துவிடுவோம். அது மீனின் காதுக்குள் வளரும் கல். அதை மெல்லிதாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும்; குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒன்று. இந்தக் குஞ்சு எந்தத் தேதியில் பொரித்தது, எந்த வாரம் நன்றாக வளர்ந்தது, எந்த வாரம் வளராமல் நின்றது என்று அதை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். நாம் சமையலறையில் எத்தனை கல்லைத் தூக்கிப் போட்டிருப்போம்!

சரி, ஒரு தடவை எண்ணினால் போதாதா? மாதா மாதம் ஏன்?

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு எடுத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிராணி பெயர் கூப்பிட்டு எழுதுவார். ஒருவர் ஒரு நாள் வரவில்லை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தொடர்ந்து பெயருக்கு நேரே வெற்றிடமாக இருந்தால்தான் லயத்துக்கு ஆள் அனுப்புவார்கள். மீன் கணக்கும் அப்படித்தான். அதே ஓடை, அதே வலை, அதே முறை என்று வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே போனால்தான், இந்த மாதம் கெளுத்தி குறைந்தது மழையாலா, வேறு காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியும். ஒரு நாள் போய் எண்ணிவிட்டு வந்து பேப்பரில் அறிக்கை விடுவது யாராலும் ஆகும்.

இதில் நம் வீட்டுக் காலண்டருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் கடல் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ வடியும். தண்ணீர் காட்டுக்குள் தூரம் போகும் நாட்கள் அவை என்பதால் களப்பணிக்காரர்கள் அவற்றைத் தேடிக் குறித்து வைப்பார்கள். அமாவாசையன்று நம் வீட்டில் மீன் சட்டியைத் தொடமாட்டோம்; அன்றைக்குத்தான் நம் பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருப்பாள். நீர் ஏறும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். அதனால் ஒரு தடவை காலை ஆறு மணிக்குக் கிளம்புவாள், அடுத்த தடவை நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவாள். வேலை நேரம் சந்திரன் கையில். இதை வீட்டில் புரிந்துகொள்ளாவிட்டால் சண்டைதான்.

இவ்வளவு பாடுபட்டு எண்ணியதில் என்ன கண்டார்கள்?

மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஏ. சசேகுமார், சோங் விங் சிங் முதலான ஆய்வாளர்கள் சிலாங்கூர் கண்டல் ஓடைகளில் இப்படி எண்ணி, 1990களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். 119 வகை மீன், 9 வகை இறால். பெரும்பாலானவை குஞ்சுகள். கொசு மண்டிய, நாற்றமடிக்கும், மண் கொட்டி மேடாக்கினால் நாலு கடை கட்டலாம் என்று பலர் கணக்குப் போடுகிற அந்த இடத்தில் 119 வகை! சசேகுமார் 1970களிலேயே சேற்றில் வாழும் நண்டையும் நத்தையையும் எண்ணிப் பெயர் பெற்றவர். அவரிடம் அந்நாளில் யாராவது "நண்டு எண்ணவா படித்தாய்?" என்று கேட்டிருந்தால்?

இங்கே உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கண்டல் காடு போய்விட்டால் கடலில் மீனே இருக்காது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அது மிகைப்படுத்தல். 1984ல் வெளியான ஓர் ஆய்விலும் சசேகுமார் பங்கெடுத்தார். மரத்து இலையிலிருந்து வரும் சத்து எந்தெந்தப் பிராணியின் உடம்பில் சேர்கிறது என்று கார்பனை வைத்துத் தேடினார்கள். ஓடைக்குள் வாழ்பவற்றின் உடம்பில் அது நன்றாகத் தெரிந்தது. கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக, கடலில் மிதக்கும் நுண்பாசிதான் முக்கிய உணவு என்று தெரிந்தது. ஆக, எல்லா மீனும் இந்தக் காட்டை நம்பி இல்லை. இறாலும், ஆற்று முகத்தில் வளரும் பல மீன்களும் சிறுவயதில் இதை நம்பியிருக்கின்றன. காட்டுக்கு வெளியே இருக்கும் வெறும் சேற்று வெளியும் குஞ்சுகளுக்கு வேண்டியிருக்கிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்வதற்கே ஆள் சேற்றில் நின்றிருக்க வேண்டும்.

இது நம் அடுப்படி விஷயம்தான். மலேசியர் ஒருவர் ஆண்டுக்கு 50 கிலோவுக்கும் அதிகமாக மீன் சாப்பிடுகிறார். உலகச் சராசரி 20 கிலோ அளவுதான். பசார் மாலாமில் இறால் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் கெம்போங் மீன் பக்கம் நகர்ந்த அனுபவம் உங்களுக்கு இல்லையா? தீபாவளிக்கு முதல் வாரம் இறால் சம்பல் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்க, பர்ஸைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம்? விலை ஏறியதற்கு டீசல், மழை, இடைத்தரகர் என்று காரணம் பல. அதில் ஓடைகளில் குஞ்சு குறைந்ததன் பங்கு எவ்வளவு என்பதை எண்ணியவர்களிடம் மட்டுமே கேட்க முடியும்.

மரம் நடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கண்டல் மரத்துக்குத் திடீர் மரியாதை வந்தது. தமிழ்நாட்டில் பிச்சாவரம் காட்டின் பெயர் அப்போது எல்லார் வாயிலும் அடிபட்டது. நம் நாட்டிலும் 2005 முதல் கடலோரத்தில் நடத் தொடங்கினார்கள். ஜூலை 26ஐ உலகக் கண்டல் காடு நாள் என்று யுனெஸ்கோ 2015ல் அறிவித்தது. அன்றைக்கு டீ-ஷர்ட், தொப்பி, பேனர், ஆளுக்கொரு நாற்று, குரூப் போட்டோ. நல்ல காரியம்தான், நானும் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போய் எத்தனை பிழைத்தன என்று பார்ப்பவர் யார்?

பிலிப்பைன்சில் ஹுர்கென்னே பிரிமாவெரா என்ற விஞ்ஞானி பார்த்தார். கோடிக்கணக்கில் செலவழித்து நட்டதில் பல இடங்களில் பிழைத்தது 10 முதல் 20 சதவீதம். நடுவதற்கு எளிதாக இருக்கிறது என்று, அலை அடிக்கும் சேற்றின் முகப்பில் பாக்காவ் கன்றைக் குத்திவிட்டார்கள். அலைக்கு முன்னால் நிற்கக்கூடியவை அப்பி-அப்பியும் பெரெப்பாட்டும்தான். பாக்காவ் அதற்குப் பின்னால் வளர்வது. மரம் பிழைத்தாலும் மீன் திரும்பி வந்ததா என்பது இன்னொரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மறுபடி நம் பென்சில்காரர்கள்தான் வர வேண்டும்.

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். லிங்கி ஆறு சிரம்பான் நகரத்தைத் தொட்டு, ரந்தாவ் பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டுதான் கடலுக்கு வருகிறது. வழியில் நகரத்துச் சாக்கடை, தொழிற்சாலை, செம்பனைத் தோட்டத்து உரம், மழையில் கரைந்த மண் எல்லாம் சேர்ந்துகொள்ளும். மேலே நடப்பது கீழே ஓடையில் வந்து தெரியும்.

பாராகுவாட் நினைவிருக்கிறதா? முதுகில் பம்பைச் சுமந்து அந்தக் களைக்கொல்லியை அடித்தவர்கள் நம் அம்மாமாரும் அக்காமாரும்தான். மூக்கில் ரத்தம் வருவதும் நகம் பழுதாவதும் லயத்துக்கு லயம் பேசிய கதை. பேசி என்ன பயன்? 2002ல் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்பும் தோட்டம் தோட்டமாகப் போய், பெண்களிடம் கேட்டு, எழுதி, அறிக்கையாகப் போட்டன. அதே ஆண்டு அரசாங்கம் தடை என்றது; 2006ல் தளர்த்தியது; கடைசியில் 2020 ஜனவரியில்தான் முழுத் தடை வந்தது. லயத்தில் பேசியது பேச்சாகவே நின்றது. பெயர், வயது, தேதி, அறிகுறி என்று தாளில் ஏறியதுதான் வழக்காடியது. வாய் இல்லாத மீனுக்கு அந்தத் தாளை எழுதுகிறவள் சி ரூசா அம்மாவின் மகள்.

இனி அந்த அம்மாவுக்கு நேரடியாக.

அம்மா, வேலையின் குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட வேலைகள் பெரும்பாலும் காண்ட்ராக்ட். ஆராய்ச்சிக்குக் கிடைத்த மானியம் தீர்ந்தால் வேலையும் தீரும். அடுத்த திட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கும். இதிலேயே நிலைக்க வேண்டுமானால் மேலே மாஸ்டர்ஸ், பிஎச்டி என்று படிக்க வேண்டும். வழி அடைந்துவிடவில்லை. மீன்வளத் துறை இருக்கிறது, பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி பெரிய திட்டங்களுக்குப் பாதிப்பு அறிக்கை எழுத வேண்டும். அதற்கு மீன் இனம் பிரிக்கத் தெரிந்தவர்களைத் தனியார் நிறுவனங்களும் தேடுகின்றன. ஓரிரு வருடம் சேற்றில் நின்று கற்ற கண்ணுக்கு அங்கே மதிப்பு உண்டு. சம்பளம் டாக்டர் சம்பளம் ஆகாது. நேர்மையான சம்பளம்.

பெண் பிள்ளை, இரவு நேரம், லிங்கியில் முதலை வேறு இருக்கிறதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. அதனால்தான் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தனியாக இறங்க விடுகிறார்களா, அந்த ஓடை தெரிந்த உள்ளூர் படகுக்காரர் கூட வருகிறாரா, லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறார்களா, இன்சூரன்ஸ் இருக்கிறதா, கரையில் யாராவது போனோடு காத்திருக்கிறார்களா. இதற்கெல்லாம் பதில் சரியாக இருந்தால் தைரியமாக விடுங்கள். கல்யாண வீட்டில் அடுத்த முறை யாராவது கேட்டால், "ஆமாம், மீன்தான் எண்ணுகிறாள். நீங்கள் சாப்பிடுகிற இறால் நாளைக்கும் கிடைக்குமா என்று பார்க்கிறாள்" என்று சொல்லிவிட்டு மோர் பரிமாறப் போய்விடுங்கள்.

நான்காம் படிவத்தில் பிள்ளை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. உயிரியலில் ஆர்வம் என்று பிள்ளை சொன்னால் உடனே "அப்போ மெடிசின்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு விடுமுறையில் நீர் வற்றும் நேரம் பார்த்து பாசிர் பாஞ்சாங் பக்கம் கூட்டிப் போங்கள். சேற்றில் துள்ளும் பெலாச்சாக்கைப் பிள்ளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று கவனியுங்கள். பத்து நிமிடத்தில் போனை எடுத்துவிட்டால் சரி, வேறு படிப்பு பார்க்கலாம்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி. டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1995ல் ஒரு விஷயம் எழுதினார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்கு வந்த காலத்தில் இருந்த மீன் அளவையே இயற்கையான அளவு என்று எடுத்துக்கொள்கிறார்; அதற்கு முன் எவ்வளவு இருந்தது என்பது கணக்கில் வராமலே போய்விடுகிறது என்று. போர்ட்டிக்சன் மாவட்டத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் அந்த முன்காலம் இருக்கிறது. எந்தப் பாரியில் தூண்டில் போட்டீர்கள், எந்த ஆற்றில் கூடை வைத்து இறால் அள்ளினீர்கள், எந்த மீன் எந்தக் காலத்தோடு வராமல் நின்றது?

தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். தோட்டத்தின் பெயர், ஆற்றின் பெயர், மீனின் பெயர் இருக்கட்டும். தமிழிலோ மலாயிலோ எந்தப் பெயரானாலும் சரி. பக்கம் ஒதுக்கிப் பிரசுரிக்கிறோம். ஆண்டு சரியாக நினைவில்லை என்றால் வீட்டில் எந்தப் பிள்ளை பிறந்த வருடம் என்று எழுதுங்கள், கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்